பறவைக் குழுவுக்கு நான் அட்மின். எல்லார் பேச்சுக்கும் நானா பொறுப்பு?

அம்பாசமுத்திரம் பக்கமிருந்து ஓர் ஆசிரியை நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால், அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் குளத்தங்கரைக்குப் பறவை பார்க்கப் போன ஐந்து பேர் சேர்ந்து தொடங்கிய வாட்ஸ்அப் குழு அது. இப்போது நானூறு பேருக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. விவசாயி, வங்கி ஊழியர், டீக்கடைக்காரர், ஓய்வுபெற்ற மின்வாரியக்காரர், கல்லூரிப் பிள்ளைகள் என்று பலதரப்பட்டவர்களும் இருக்கிறார்கள். தன் பள்ளி மாணவர்கள் சிலரையும் சேர்த்திருக்கிறார். அட்மின் இவர் ஒருவர்தான். சில மாதங்களாக ஒன்றன்பின் ஒன்றாகத் தொல்லை.

பொத்தையில், அதாவது சிறு பாறைக் குன்றில், பாறை இடுக்கில் முட்டையிட்டிருந்த கொம்பன் ஆந்தையின் இடத்தை ஒருவர் லொக்கேஷனோடு குழுவில் போட்டிருக்கிறார். அடுத்த ஞாயிறே கேமராவும் கையுமாக ஒரு கூட்டம் போய் நின்றிருக்கிறது. படத்தை மறைக்கிறதென்று உடைமரக் கிளையை வெட்டியிருக்கிறார்கள். ஆந்தை கண் திறக்கட்டும் என்று சின்னக் கல்லும் எறிந்திருக்கிறார்கள். இரண்டு வாரம் கழித்துப் போனால் ஆந்தையும் இல்லை, முட்டையும் இல்லை.

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் எடுத்த ஒரு படத்தைக் கல்லூரி மாணவி ஒருவர் 'செங்கால் நாரை' என்று போட்டிருக்கிறார். அது மஞ்சள்மூக்கு நாரையின் இளம்பறவை. குழுவின் மூத்த புகைப்படக்காரர் "நாரையே தெரியாதவங்களுக்குக் கேமரா எதுக்கு?" என்று கேட்க, நாலைந்து பேர் சேர்ந்து சிரித்திருக்கிறார்கள். அந்தப் பெண் அதன்பின் எதையும் பகிரவில்லை. போதாக்குறைக்கு, குழுவிலிருந்து அவருடைய எண்ணை எடுத்து இன்னொருவர் ராத்திரி நேரத்தில் தனியாக மெசேஜ் அனுப்புகிறாராம்.

கடைசியாக நடந்ததுதான் டீச்சரைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறது. குரலை வைத்தே பறவையைச் சொல்லிவிடும் ஓர் இளைஞர் அந்தக் குழுவில் இருந்தார். ஒரு விவாதத்தில் அவர் சொன்னது சரியாகிப் போனதும், எதிர்த்து வாதாடியவர், "கண்ணி வச்சுப் பிடிச்ச பரம்பரைல்லா, உமக்குத் தெரியாமலா இருக்கும்?" என்று எழுதிவிட்டார். அது சாதியைக் குத்திக்காட்டும் பேச்சு என்று சொன்னவருக்கும் கேட்டவருக்கும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் தெரியும். இளைஞர் அன்றைக்கே வெளியேறிவிட்டார். டீச்சர் அந்த வரியை உடனே அழித்து, எழுதியவரை நீக்கிவிட்டார். நீக்கப்பட்டவர் இப்போது, "என் கருத்துச் சுதந்திரத்தைப் பறித்துவிட்டீர்கள், வக்கீல் நோட்டீஸ் வரும், பள்ளி நிர்வாகத்துக்கும் எழுதுவேன்" என்கிறார். போலீஸில் இருக்கும் உறவினர், "ஏதாவது ஆனால் அட்மினைத்தான் முதலில் தூக்குவார்கள்" என்கிறார். வீட்டுக்காரர் குழுவையே கலைக்கச் சொல்கிறார்.

அவர் கேட்பது இதுதான்: எனக்கு ஜெயிலா? நீக்கியது தப்பா? 'அட்மின் மட்டும் எழுதலாம்' என்று பூட்டிவிடட்டுமா? சங்கமாகப் பதிவு செய்தால் பாதுகாப்பா? ஒரு பொழுதுபோக்குக் குழுவில் எவ்வளவு கறாராக இருப்பது?

டீச்சர், உங்கள் கேள்விகளில் பாதி, பயத்திலிருந்து வருகிறது. அந்தப் பயத்தை முதலில் இறக்கி வைத்துவிடுவோம். பயத்தோடு குழு நடத்துகிறவர் ஒன்றுமில்லாத கேலியை அழிப்பார். நிஜமாகவே தலையிட வேண்டிய இடத்தில் "நமக்கெதுக்கு வம்பு" என்று பேசாமல் இருந்துவிடுவார்.

ஜெயில் பயம்

குழுவில் ஒருவர் எழுதியதற்கு, அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக நீங்கள் குற்றவாளி ஆகமாட்டீர்கள். இது என் சொந்த அபிப்பிராயம் இல்லை. நம் மாவட்டம் எந்த நீதிமன்றத்தின் கீழ் வருகிறதோ, அந்தச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே 2021 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. கரூர் வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் இரு சமூகங்களுக்கிடையே பகையைத் தூண்டும்படி ஒருவர் பதிவு போட்டதாக வழக்கு. அட்மினையும் அதில் சேர்த்திருந்தார்கள். அவர் அட்மினாக இருந்ததைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை என்றால் இறுதி அறிக்கையில் அவர் பெயரை நீக்கிவிட வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டு மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளையும் இப்படித்தான் சொன்னது: பதிவு போட்டவரோடு அட்மின் கூட்டுச் சேர்ந்து திட்டமிட்டிருந்தால் ஒழிய, அவர்மேல் குற்றம் சுமத்த முடியாது. 2022 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. ஒருவர் செய்த குற்றத்துக்கு இன்னொருவரைப் பொறுப்பாக்க வேண்டுமென்றால் சட்டம் அதை வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும். அட்மினைப் பற்றி அப்படி எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் சொல்லும் 'இடைநிலையாளர்' (பிறர் தகவலை வாங்கிக் கடத்தும் சேவை) என்ற வகையிலும் அட்மின் வரமாட்டார் என்றது.

அப்படியானால் உங்கள் உறவினர் சொல்வது வெறும் பேச்சா? முழுக்க அப்படியும் இல்லை. 2017-இல் வாரணாசி மாவட்ட நிர்வாகம், வதந்தி பரவினால் குழு அட்மின் மீதும் வழக்குப் பாயும் என்று உத்தரவு போட்டது நாடு முழுக்கச் செய்தியானது. அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. அதோடு, நான் சொன்ன கரூர் வழக்கிலேயே பாருங்கள்: அட்மின் பெயரை முதல் தகவல் அறிக்கையில் சேர்த்தார்கள், அவர் மதுரை வரை போய்த்தான் நிவாரணம் வாங்கினார். கடைசியில் தண்டனை வராது என்பதும், நடுவில் அலைச்சல் வராது என்பதும் ஒன்றல்ல. அந்த அலைச்சலைக் குறைக்கத்தான் கீழே சில யோசனைகள் சொல்கிறேன்.

உங்களை நிஜமாகச் சிக்கவைக்கக் கூடியது நீங்களே செய்யும் காரியம். ஒரு செய்தியை ஃபார்வர்டு செய்வது அதை ஏற்றுக்கொண்டு ஆதரிப்பதற்குச் சமம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் ஒரு முன்ஜாமீன் வழக்கில் சொன்னது. "நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்" என்ற சமாதானம் அங்கே எடுபடவில்லை. கட்டைவிரல் குறிக்கு அந்தப் பயம் அவ்வளவாக வேண்டாம். 2024-இல் அதே நீதிமன்றம், கட்டைவிரலைக் காட்டுவதை 'பார்த்துவிட்டேன்' என்றும் எடுத்துக்கொள்ளலாம் என்று கூறி, அதற்காக வேலையிழந்த ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்ன உத்தரவை உறுதி செய்தது. ஆனாலும் அவர் முதலில் வேலையை இழந்தார் என்பதை மறந்துவிட வேண்டாம். கசப்பான பதிவுகளுக்கு அட்மின் எந்தக் குறியும் போடாமல் இருப்பதே நல்லது.

'கருத்துச் சுதந்திரம்' என்று அவர் சொல்வது

அரசியல் சாசனத்தின் 19-ஆவது பிரிவு தரும் பேச்சுரிமை, அடிப்படையில் அரசாங்கத்துக்கு எதிரான உரிமை. பேசினதற்காக அரசு நம்மைத் தண்டிக்கக்கூடாது, தண்டித்தாலும் சாசனம் அனுமதிக்கும் காரணங்களுக்காக மட்டும்தான் தண்டிக்க வேண்டும் என்பது அதன் பொருள். 2015-இல் உச்ச நீதிமன்றம், இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் தண்டிக்கலாம் என்ற, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்தது இந்த உரிமையை வைத்துத்தான். நாலு பேர் விருப்பப்பட்டுச் சேர்ந்த ஒரு பறவைக் குழுவில் இருந்தே தீருவேன் என்று கேட்க அந்தப் பிரிவில் இடமில்லை. அவர் தனிக் குழு தொடங்கலாம், தன் பக்கத்தில் எழுதலாம். அவர் வாயை நீங்கள் அடைக்கவில்லை.

நோட்டீஸ் வந்தால் பதறாதீர்கள். வக்கீல் நோட்டீஸ் என்பது நீதிமன்ற உத்தரவு அல்ல. அதை எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரிடம் போய், சுருக்கமாக ஒரு பதில் அனுப்பினால் போதும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பள்ளி நிர்வாகத்துக்கு அவர் எழுதுவதற்கு முன்னால், நடந்தது என்ன என்று நீங்களே தலைமையாசிரியரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.

இதில் ஒரே ஒரு எச்சரிக்கை. ஒருவரை நீக்குவது உங்கள் உரிமை. நீக்கிவிட்டு நானூறு பேர் முன்னால் "சாதி வெறியர், இனி யாரும் இவரோடு பழக வேண்டாம்" என்று எழுதினால் அவதூறு வழக்குக்கு நீங்களே கதவைத் திறந்துவிடுகிறீர்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. 'குழு விதி மீறப்பட்டதால் ஓர் உறுப்பினர் நீக்கப்பட்டார்.' இந்த ஒரு வரிக்கு மேல் குழுவில் எதுவும் வேண்டாம்.

கறாராக இருக்க வேண்டிய மூன்று இடங்கள்

*கூடு இருக்கும் இடம்.* மூன்றில் இதை முதலில் வைக்கக் காரணம், எதிர்த்துப் புகார் சொல்ல வாயில்லாதது பறவைதான். கொம்பன் ஆந்தை சுள்ளி அடுக்கிக் கூடு கட்டுவதில்லை. பாறைத் திட்டிலோ புதர் அடியிலோ வெறும் மண்ணில் முட்டையிடுகிறது. பகலில் ஆள் கூட்டம் கண்டு தாய் எழும்பிப் போனால், முட்டை நம் ஊர் வெயிலில் பாறைச் சூட்டில் கிடக்கும். காக்கையும் கழுகும் பார்த்துக்கொண்டே இருக்கும். இதற்கு மேல் மாந்திரீகத்துக்கென்று ஆந்தையைப் பிடித்து விற்கிறவர்கள் நம் நாட்டில் உண்டு. உங்கள் நானூறு பேரில் ஒருவர் அந்த லொக்கேஷனை யாருக்கு அனுப்புவார் என்று உங்களால் சொல்ல முடியாது.

நிறைய பேருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பதற்குத் தரப்பட்ட விளக்கத்தில், காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். துப்பாக்கி வேண்டியதில்லை. பொத்தையில் கிளையை வெட்டிக் கல்லெறிந்தவர்கள் தாங்கள் படம் எடுத்ததாக நினைக்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் அவர்கள் வேட்டைக்காரர்கள். இதைக் குழுவில் நீங்கள் சொல்லத்தான் வேண்டும், யார் பெயரையும் குறிப்பிடாமல்.

ஆகவே, கூடு, முட்டை, குஞ்சு, பகலில் அடையும் ஆந்தை, இவற்றின் லொக்கேஷன் எந்தக் காரணத்துக்காகவும் குழுவில் வரக்கூடாது. வந்தால் கேள்வி கேட்காமல் அழியுங்கள், போட்டவருக்குத் தனியாகக் காரணம் சொல்லுங்கள். படம் போடலாம், குஞ்சுகள் பறந்து போன பிறகு. இடத்தை 'அம்பை வட்டாரம்' என்று சொன்னால் போதும். உலகம் முழுக்கப் பறவை பார்ப்பவர்கள் பதிவிடும் இபேர்டு தளமே அபாயத்தில் உள்ள சில பறவைகளின் சரியான இடத்தை மறைத்துத்தான் காட்டுகிறது. வனத்துறைக்குத் தெரிய வேண்டியது இருந்தால் களக்காடு முண்டந்துறைப் பகுதி வனச்சரகரிடம் நேரில் சொல்லலாம்.

*சாதிப் பேச்சு.* நம் மாவட்டத்தில் இதை 'சும்மா ஒரு வார்த்தை' என்று தள்ள முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகுதான் அரசு ஒரு குழு அமைத்துப் பள்ளிகளில் சாதி குறித்து அறிக்கை வாங்கியது. நீங்கள் ஆசிரியை, இதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நீங்கள் அவரை நீக்கியது சரி. என்னைக் கேட்டால், அந்த இடத்தில் எச்சரிக்கை, இரண்டாவது வாய்ப்பு எதுவும் தேவையே இல்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்களைத் திருத்த வேண்டியிருக்கிறது. 'சாதிப் பெயரைச் சொல்லவில்லை, அதனால் சட்டத்தில் இது வராதல்லவா' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இளைஞர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவர், எழுதியவர் அப்படியில்லை என்றால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இரண்டு தனித்தனிப் பிரிவுகள் உண்டு. சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது ஒன்று. பிறர் பார்வையில் படும் இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்துவது இன்னொன்று. இரண்டாவதற்குச் சாதிப் பெயர் வாயில் வந்தாக வேண்டும் என்பதில்லை. சாதியைக் காரணமாக வைத்து இழிவுபடுத்தும் நோக்கம் இருந்ததா என்பதுதான் கேள்வி. நானூறு பேர் இருக்கும் குழு 'பிறர் பார்வையில் படும் இடம்' ஆகுமா, அந்த வாக்கியத்தில் அந்த நோக்கம் தெரிகிறதா என்பதெல்லாம் நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டியவை. நிச்சயம் குற்றம் என்றும் நான் சொல்லமாட்டேன், ஒன்றும் ஆகாது என்றும் சொல்லமாட்டேன்.

இரண்டாவது, உடனே அழித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்ற எண்ணம். அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும்; தேதி, நேரம், அனுப்பியவர் எண் தெரியும்படி. முடிந்தால் அன்றைய உரையாடலை 'எக்ஸ்போர்ட்' செய்து வைக்க வேண்டும். மின்னணுச் சாட்சியம் நீதிமன்றத்தில் ஏற்கப்பட புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும். அதற்கு மூலமாக இருக்கும் கைபேசியையும் பத்திரமாக வைத்திருப்பது நல்லது. உங்கள் உறுப்பினர்களில் யாராவது அந்த வரியைப் படம் பிடித்து வைத்திருக்கக்கூடும், தனியாகக் கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் நினைவில் இருப்பதை இன்றைக்கே ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு வையுங்கள்.

அப்புறம் அந்த இளைஞர். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு, அவருடையது மட்டுமே. "விடு தம்பி, குழு பெயர் கெட்டுடும்" என்று நீங்களோ மற்றவர்களோ சமாதானம் பேசப் போகாதீர்கள். நீக்கப்பட்டவரைக் கூட்டிக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்க வைக்கிறேன் என்று கிளம்பவும் வேண்டாம். உங்களுக்கு அவரிடம் சொல்ல இருப்பது ஒன்றுதான்: நடந்தது தப்பு, குழுவில் அதற்கு இடமில்லை என்று நடவடிக்கை எடுத்திருக்கிறோம், நீங்கள் எந்த முடிவெடுத்தாலும் நான் பார்த்ததைச் சொல்லத் தயார். இதை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் நேரில் போய்ச் சொல்லுங்கள்.

*பெண்களுக்குப் போகும் தனி மெசேஜ்.* 'அது குழுவுக்கு வெளியே நடந்தது, நான் எப்படித் தலையிடுவது?' என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டப்படி உங்களுக்குப் பொறுப்பு இல்லை என்பது உண்மை. ஆனால் அந்த எண் அவருக்குக் கிடைத்தது உங்கள் குழுவில். அந்தப் பெண்ணிடம் முதலில் கேளுங்கள்; அவர் சம்மதித்தால் அந்த ஆளை நீக்குங்கள், காரணம் குழுவில் வேண்டாம். விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்பு கொள்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவின்படி பின்தொடரும் குற்றம். "இனிமேல் எனக்கு மெசேஜ் அனுப்ப வேண்டாம்" என்று ஒருமுறை எழுத்தில் அனுப்பிவிட்டு, எல்லாவற்றையும் சேமித்து வைத்துக்கொண்டு, பிறகு தடை செய்யச் சொல்லுங்கள். மகளிர் உதவி எண் 181, அனைத்து மகளிர் காவல் நிலையம் இரண்டும் அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

இதோடு சேர்த்து உங்கள் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வயதுக்குக் கீழானவர்களின் எண், முகம் தெரியாத நானூறு பேர் கையில் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வாட்ஸ்அப்பில் 'கம்யூனிட்டி' என்று ஒரு வசதி உண்டு. அதன் அறிவிப்புப் பகுதியில் உறுப்பினர்களின் எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. பிள்ளைகளை, பெற்றோரின் எண் வழியாக, அதில் மட்டும் வையுங்கள். அவர்கள் எடுக்கும் படங்களை நீங்கள் குழுவில் போடலாம்.

கண்டும் காணாமல் விடவேண்டியவை

மற்றதில் கையை வைக்காதீர்கள். "என்ன வே, காக்காயைப் பிடிச்சுக் கழுகுன்னு சொல்லுதீரு" என்று ஒருவர் கேட்பதும், "உம்ம கண்ணாடியைத் தொடைச்சுட்டுப் பாரும்" என்று மற்றவர் திருப்பிக் கொடுப்பதும் நம் ஊர்ப் பேச்சு. அதை அழித்தால் குழுவில் உயிர் இருக்காது. இது கிண்டலா, இழிவா என்று குழப்பம் வந்தால் நான் பார்ப்பது ஒன்றே: கிண்டலுக்கு ஆளானவர் அதே தொனியில் திருப்பிச் சொல்லக்கூடிய நிலையில் இருக்கிறாரா? பழகிய இரண்டு அண்ணாச்சிகள் அப்படிப் பேசிக்கொள்ளலாம். புதிதாக வந்த மாணவி, அம்பது வருஷ அனுபவஸ்தரைத் திருப்பிக் கேட்க முடியாது.

அந்த மூத்த புகைப்படக்காரரை நீக்க வேண்டும் என்று யாரோ சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். அவர் செய்தது சட்டப்படி குற்றமில்லை. குழுவுக்கு அவரால் கிடைக்கும் பயனும் பெரிது. அவரோடு ஒருநாள் போனில் பேசுங்கள். மஞ்சள்மூக்கு நாரையின் இளம்பறவை, வளர்ந்த பறவையின் ரோஜா நிறச் சிறகு இல்லாமல் மங்கிய பழுப்பு வெள்ளையாகத்தான் இருக்கும், யாரும் முதலில் தடுமாறுவார்கள் என்பது அவருக்கும் தெரியும். அதையே அவர் ஒரு குறிப்பாக எழுதிப் போட்டால் அந்தப் பெண்ணுக்கு அதைவிடப் பெரிய சமாதானம் வேறில்லை. 'அடையாளம் தவறாகச் சொன்னால் சரியான பெயரையும் காரணத்தையும் மட்டும் சொல்லவும்' என்று விதியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

காலை வணக்கப் படங்களுக்கும் அரசியல் ஃபார்வர்டுகளுக்கும் ஒரே வரி போதும்: பறவை அல்லாதது அழிக்கப்படும், வருத்தம் வேண்டாம். மூன்று முறைக்கு மேல் போடுகிறவரை ஒரு மாதம் வெளியே வைக்கலாம். குளத்தில் மண் அள்ளுவது, கரையில் குப்பை கொட்டுவது பற்றி ஒருவர் ஆட்சியரைக் குறை சொல்லி எழுதினால் அதை 'அரசியல்' என்று அழிக்காதீர்கள். பறவையைப் பற்றிய பேச்சுதான் அதுவும். படத் திருட்டு பற்றிய புகார்களுக்கு மட்டும் சட்டம் நேரடியானது: படம் எடுத்தவருக்கே பதிப்புரிமை, பதிவு செய்யத் தேவையில்லை, அனுமதி இல்லாமல் ரீல்ஸில் போடக்கூடாது.

பூட்டுவது, பதிவு செய்வது, கலைப்பது

'அட்மின் மட்டும் எழுதலாம்' என்று பூட்டினால் உங்களுக்கு நிம்மதி கிடைக்கும். ஆனால் தென்காசிப் பக்கம் ஒரு விவசாயி வயலில் பார்த்த புதுப் பறவை, ஜனவரியில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவை எண்ணும்போது யார் எந்தக் குளம் என்ற பங்கீடு, எல்லாம் உங்கள் கை வழியாகத்தான் வரவேண்டியிருக்கும். பாடம் நடத்தி, நோட்டுத் திருத்தி, இதையும் செய்ய உங்களால் முடியாது. தேர்தல் நேரத்திலோ, ஊரில் கலவரம், பதற்றம் உள்ள நாட்களிலோ இரண்டு நாள் பூட்டி வையுங்கள், அது புத்திசாலித்தனம். நிரந்தரமாக வேண்டாம்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவு செய்தால் பாதுகாப்பு என்று யாரோ சொன்னது பாதி உண்மை. வங்கிக் கணக்கு, நன்கொடை, வனத்துறையோடு ஒப்பந்தம் என்று வளரப் போகிறீர்கள் என்றால் பதிவு செய்யலாம். ஆனால் பதிவான சங்கத்தில் உறுப்பினரை நீக்க, துணைவிதிப்படி அறிவிப்புக் கொடுத்து, விளக்கம் கேட்டு, கூட்டம் போட வேண்டும். இப்போது உங்களுக்கு இருக்கும் எளிமை போய்விடும். படமும் பேச்சும்தான் குழு என்றால் பதிவு தேவையில்லை.

உங்களுக்குத் தேவைப்படுவது எழுதிவைத்த விதியும், கூட இரண்டு மூன்று ஆட்களும். விதி பத்து வரிக்கு மேல் போக வேண்டாம், தமிழில் இருக்கட்டும். அதை நீங்கள் மட்டும் உட்கார்ந்து எழுதாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை குளக்கரையில் வந்தவர்களோடு பேசி எழுதுங்கள். கூந்தன்குளத்தில் வீட்டு முற்றத்து மரத்திலேயே நாரை கூடு கட்டுகிறது. தீபாவளிக்கு ஊரில் வெடி போடுவதில்லை. 1994-இல் சரணாலயம் என்று அறிவிப்பதற்கு முன்பிருந்தே அந்த ஊர்க்காரர்கள் பறவைகளைப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள். தாங்களே பேசி வைத்துக்கொண்ட கட்டுப்பாட்டை ஆட்கள் மீறத் தயங்குவார்கள். மேலிருந்து வந்ததற்கு ஆயிரம் குறுக்குவழி தேடுவார்கள்.

இணை அட்மின்களில் ஒரு பெண்ணாவது இருக்கட்டும். வயதிலும் சமூகத்திலும் எல்லாரும் ஒரே மாதிரி ஆட்களாக இருந்துவிட வேண்டாம். ஒரு பதிவை எந்த அட்மினும் தனியாக அழிக்கலாம்; வாட்ஸ்அப்பில் யார் அழித்தது என்று தெரியும், அது நல்லதுதான். ஆளை நீக்குவதற்கு மட்டும் இரண்டு அட்மின்கள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதிப் பேச்சும் பெண்களைத் தொந்தரவு செய்வதும் இதற்கு விலக்கு. அங்கே ஒருவரே உடனே நீக்கலாம், மற்றவர்களுக்குப் பிறகு சொன்னால் போதும். நீக்கியதற்கான காரணத்தையும் தேதியையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். நாளைக்கு நோட்டீஸோ போலீஸ் விசாரணையோ பள்ளியிலிருந்து கேள்வியோ வந்தால், எழுதிவைத்த விதியும் இந்த நோட்டும்தான் உங்களுக்காகப் பேசும்.

கலைப்பது பற்றி உங்கள் வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை. அவர் கவலை நியாயமானது. ஆனால் இப்போது கலைத்தால், அந்த வரியை எழுதியவர் குழுவையே முடித்துவைத்தவராக ஊரில் பேசப்படுவார். இளைஞரும் அந்த மாணவியும் தங்களால்தான் எல்லாம் போயிற்று என்று நினைத்துக்கொள்வார்கள். உங்களுக்கு அலுத்துவிட்டது என்றால் கலைக்காதீர்கள், ஒப்படைத்துவிடுங்கள். அடுத்த நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு முடிகிற வரை இணை அட்மின்களோடு சேர்ந்து நடத்துங்கள். அதன்பின் வருஷத்துக்கு ஒருமுறை அட்மின் பொறுப்பு மாறும் என்று விதியிலேயே எழுதி, முதல் ஆளாக நீங்கள் விலகிக்கொள்ளலாம்.